மேற்கே சாய்ந்த தாடி

தொப்பூர் கணவாய் ஆரம்பிக்கும் இடத்தில் சாலையோர ஓட்டல் வைத்திருக்கும் குப்புராஜுக்கு, இடது கன்னத்தில் வளர்ந்தது அவருடைய தாடி இல்லை. அது ஏரியூர் லாரி டிரைவர் முருகேஷுடையது. முருகேஷ் 2016-ஆம் வருடம் தை ஐந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்குக் கணவாயின் இரண்டாவது வளைவில் இறந்துபோனான். மறுநாள் காலை குப்புராஜ் பல் விளக்கக் கண்ணாடி முன் நின்றபோது தாடி வந்திருந்தது. வலது கன்னத்தில் அவருடைய நாற்பத்தாறு வயதுக்குரிய உப்பும் மிளகுமான முள் முடி. இடது கன்னத்தில் நாலு மாதத் தாடி, கன்னங்கரேலென்று, சுருள் சுருளாக, மோவாயின் நடுவில் கோடு கிழித்தாற்போல் நின்றது. காதுக்குக் கீழே ஒரு சுழிகூட இருந்தது. குப்புராஜ் பல் விளக்கி முடித்து, கடைக்கு வந்து, அடுப்பைப் பற்ற வைத்தார். அன்று முன்னூற்றிருபது இட்லி விற்றது.

முந்தின நாள் நடந்தது இதுதான். எங்கள் பக்கத்தில் மனைவி வயிற்றுப் பிள்ளைக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டால் கணவன் முகத்தில் கத்தி படக்கூடாது. பிள்ளை பிறந்த சேதி வந்த பிறகுதான் சவரம், தலைக்குக் குளியல், அப்புறம் பிள்ளை முகம் பார்ப்பது. லாரி ஓட்டுகிறவர்களின் தாடியைப் பார்த்தே எந்த வீட்டில் எத்தனையாவது மாதம் என்று குப்புராஜ் சொல்லிவிடுவார். முருகேஷ் ஓசூரிலிருந்து சேலத்துக்கு இரும்புக் கம்பி ஏற்றிக்கொண்டு வந்தவன், வண்டியை ஓட்டல் வாசலுக்குக் குறுக்காக நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட்டு இட்லிக்கு உட்கார்ந்தான். முதல் வாய் வைக்கும்போது போன் வந்தது. தருமபுரி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. ஒரு மணி நேரம் முன்னால்தான் அந்த ஊரைத் தாண்டி வந்திருந்தான். பிள்ளையைத் தாண்டி வந்துட்டேனே என்று அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரருக்குப் புரையேறியது. லாரியை இங்கேயே விட்டுவிட்டு பஸ் பிடித்துத் திரும்பிப் போவதாகவும், அதற்கு முன் இந்தத் தாடியை எடுத்தாக வேண்டும் என்றும் சொன்னான். குப்புராஜ் தன்னுடைய பழைய திருகு ரேசரையும் பிரஷ்ஷையும் சோப்பையும் எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது, "இன்னிக்கி செவ்வாக்கெழம தம்பி, சவரம் வேண்டாமே, நாளைக்குப் பாத்துக்கலாமே" என்று ஒரு வார்த்தை சொல்லவும் செய்தார். "புள்ள பொறந்தன்னிக்கு ஏதுங்ணா கெழம?" என்றான் முருகேஷ்.

குழாயடிக் கண்ணாடி முன் நின்று வலது கன்னத்தை எடுத்து முடித்தான். இடது கன்னத்தில் நுரை போட்டு ரேசரைத் தூக்கும்போது வெளியே ஒரு கோயில் யாத்திரை பஸ் வந்து நின்று ஆரன் அடித்தது. ஐம்பது பேர், ஐம்பது பேருக்கும் பசி. லாரி வழியை மறித்து நின்றது. அதன் பிறகு நடந்ததைப் போலீசிடமும் ஊரிலும் குப்புராஜ் இப்படிச் சொன்னார்: செவ்வாய்க்கிழமை சவரம் வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை, பாதிச் சவரத்தோடு போய் வண்டியை எடுத்தான், போய்ச் சேர்ந்தான். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். செவ்வாய்க்கிழமை ஒரு குற்றம், பாதிச் சவரத்தோடு வாசல் தாண்டியது இன்னொரு குற்றம், இரண்டும் சேர்ந்தால் வண்டி மலை இறங்குமா என்று பேசிக்கொண்டார்கள். ஒரு கிழமையின் தலையில் பழியைப் போடுவது சுலபம். அது வந்து சாட்சி சொல்லாது.

தாடியை எடுக்க குப்புராஜ் முதலில் தொப்பூர் சலூனுக்குப் போனார். சலூன்காரர் இரண்டு கன்னத்தையும் வழித்து, பவுடர் போட்டு, துண்டை உதறி அனுப்பினார். குப்புராஜ் சாலையைக் கடந்து ஓட்டலுக்கு வருவதற்குள் இடது பக்கம் பழையபடி நாலு மாதத் தாடி. திரும்பப் போனார். மூன்றாவது தடவை போனபோது சலூன்காரர், தனக்குப் பிள்ளைகுட்டிகள் இருப்பதாகச் சொல்லி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். அப்புறம் வீட்டிலேயே ஆரம்பித்தது. டப்பாவில் அமுக்கினால் வரும் நுரை, அஞ்சு பிளேடு வைத்த ரேசர், பாட்டரி மெஷின் என்று வாங்கினார். மெஷின் வலது கன்னத்தில் தேனீ மாதிரி ரீங்கரித்தது, இடது கன்னத்துக்குப் போனதும் ஏற்றத்தில் கியர் விழாத லாரிபோல முக்கி நின்றது. பெண்கள் காலில் பூசும் முடியெடுக்கும் கிரீமை மனைவி பெரியம்மாளுக்குத் தெரியாமல் தடவிப் பார்த்தார். கன்னம் வெந்து, நாலு நாள் மோரில் நனைத்த துணியோடு கல்லாவில் உட்கார்ந்திருந்தார். தாடிக்கு ஒன்றும் ஆகவில்லை, அது பளபளவென்று எண்ணெய் வைத்த மாதிரி இருந்தது. பால் காய்ந்து பொங்குகிற நேரம்தான் அது இல்லாமல் இருக்கும். அதற்குமேல் ஒரு நிமிடம் கூட அவருக்குக் கிடைக்கவில்லை.

தருமபுரி பஸ் நிலையத்துக்குப் பின்னால் பேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் அப்துல் சுபானுக்குச் சவரம் என்றால் உயிர். தினமும் விடிகாலைத் தொழுகை முடிந்து வந்து அரை மணி நேரம் மீசையின் ஓரத்தையும் கழுத்தையும் மட்டும் சவரம் செய்துகொள்கிற மனிதர். குப்புராஜின் கன்னத்தை இரண்டு விரலால் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்தத் தாடி அவசரத்துக்குப் பிறந்தது இல்லை, இதற்கு மரியாதை வேண்டும், பழைய முறையில்தான் போகும் என்று தீர்ப்புச் சொன்னார். கனமான இரும்பு ரேசர், பீங்கான் கிண்ணத்தில் சோப்பு, ஏதோ குளிர்தேசத்து மிருகத்தின் முடியில் செய்த பிரஷ், ஒரு கட்டி படிகாரம் எல்லாம் எடுத்துக் கட்டினார். சனிக்கிழமை கவிச்சி தொடாத குப்புராஜ், அந்த மிருகம் என்ன மிருகம் என்று தெரியாமல் அதைச் சனிக்கிழமை முகத்தில் தேய்க்கலாமா என்று கேட்டார். முகத்தில் தேய்க்கத்தானே, குழம்பு வைக்கவா போகிறீர்கள் என்றார் சுபான்.

அன்று முதல் ஓட்டல் குழாயடியில் தினமும் காலை பூஜை மாதிரி ஒன்று நடந்தது. வெந்நீரில் நனைத்த துண்டை மூன்று நிமிடம் முகத்தில் போட வேண்டும். கிண்ணத்தில் பிரஷ்ஷைச் சுற்றிச் சுற்றி நுரை தயிராக வரும்வரை கடைய வேண்டும். ரேசரைக் கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடிக்க வேண்டும், அமுக்கக்கூடாது, அதன் கனத்துக்கு அதுவே போக வேண்டும். குப்புராஜ் முப்பது வருடமாகப் பரோட்டா மாவை அடித்த கைக்காரர். அமுக்காமல் எப்படி என்பது அவருக்குப் புரியவே இல்லை. முதல் வாரத்தில் முகத்தில் ஒன்பது இடத்தில் செய்தித்தாள் துணுக்குகளை ஒட்டிக்கொண்டு தோசை ஊற்றினார். ஒரு துணுக்கில் அன்றைய ராசிபலன் இருந்ததைப் படித்துவிட்டுத் துலா ராசிக்காரர் ஒருவர் மகிழ்ச்சியோடு போனார். படிகாரத்தை வெட்டுக்காயத்தில் தேய்க்கும்போது அவர் போடும் சத்தத்துக்கு வாசலில் தூங்கும் நாய் எழுந்து இடம் மாறிப் படுக்கும். போனில் சவர வீடியோக்கள் பார்க்க ஆரம்பித்தார். எங்கோ ஒரு நாட்டில் ஒரு வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டே சவரம் செய்வதைப் பார்த்து, சிரித்தால் தோல் இழுபடும் போலிருக்கிறது என்று இவரும் சிரித்தபடி செய்து உதட்டை வெட்டிக்கொண்டார். பிரஷ்ஷை ஒருநாள் எண்ணெய் தடவும் பிரஷ் என்று நினைத்துத் தோசைக் கல்லில் தேய்த்துவிட்டார்கள். அன்று வந்த ஊத்தப்பம் நல்ல வாசனையாக இருந்தது, ஒரு சேலத்துக்காரர் இரண்டாவதும் கேட்டார்.

இதற்கிடையில்தான் அந்த விஷயம் பிடிபட்டது. முடி எந்தத் திசையில் படுத்திருக்கிறதோ அந்தத் திசையிலேயே ரேசரை ஓட்ட வேண்டும் என்பது பழைய முறையின் முதல் பாடம். குப்புராஜின் இடது கன்னத்தில் முடி மேற்கே படுத்திருந்தது. அவர் எப்படித் திரும்பி உட்கார்ந்தாலும் மேற்கேதான். நாற்காலியைத் தெற்கே பார்த்துப் போட்டால் முடி காதிலிருந்து மூக்கை நோக்கிச் சரிந்தது. வடக்கே பார்த்துப் போட்டால் மூக்கிலிருந்து காதுக்குச் சரிந்தது. அவர் கிழக்கே பார்த்து நின்றால் கன்னத்தில் இருக்க முடியாமல் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு விறைத்து நின்றது. முதல் ஆறு நாள் அது வடக்கே, தருமபுரி இருக்கும் பக்கம் பார்த்திருந்ததும், ஏழாம் நாள் காலையில் மெல்ல மெல்லச் சுழன்று மேற்கே திரும்பியதும் அவருக்கு அப்போது ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியில் பெற்றவளை ஆறு நாள் வைத்திருந்து அனுப்புவார்கள். தொப்பூருக்கு மேற்கே என்ன இருக்கிறது என்று குப்புராஜுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஏரியூர் இருக்கிறது. தாடி, அது பார்க்கப் போன பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மேற்கே பார்த்து நாற்காலி போட்டு, முடியின் போக்கிலேயே எடுத்தால் மட்டும் வெட்டு விழவில்லை. அப்படி எடுத்த நாட்களில் மதியச் சாப்பாடு முடியும்வரை கன்னம் சுத்தமாக இருந்தது. இதை அவர் சுபானிடம் போய்ச் சொன்னபோது அந்த மனிதர் கல்லாப்பெட்டியை மூடிவிட்டு, "முடி போற தெசையில போனா காயம் வராதுன்னு நான் எல்லாருக்கும் சொல்றதுதாங்ணா. நீங்க எதுத்து எதுத்துப் போறீங்க. ஒருநா அது சொல்ற பக்கமே போய்த்தான் பாருங்களேன்" என்றார். குப்புராஜ் வேறு பிளேடு இருக்கிறதா என்று கேட்டார்.

வருடங்கள் போயின. வலது கன்னம் நரைத்து முடித்தது, இடது கன்னத்தில் ஒரு வெள்ளை முடி இல்லை. மழைக்காலத்தில் அந்தப் பக்கம் டீசல் வாசனை அடித்தது. கணவாயில் எங்காவது லாரி அவசரமாக பிரேக் போட்டால், சத்தம் கேட்பதற்கு முன்பே அந்தக் கன்னத்து முடி மட்டும் குத்திட்டு நின்றது. ஆகவே விபத்துச் சேதி தொப்பூரில் முதலில் தெரிவது குப்புராஜுக்குத்தான், ஆம்புலன்ஸ்காரர்கள்கூட அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். சில நாட்களில் காரணமில்லாமல் அந்தக் கன்னம் அனலாகக் கொதிக்கும், இரண்டு நாளில் தணியும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவர் தெரிந்துகொண்டார். கொரோனா வந்த இரண்டு வருடமும் அவருடைய நல்ல காலம், எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள், அவருடைய மாஸ்க் மட்டும் இடது பக்கம் புடைத்து மேற்கே கோணியிருந்தது. குழாயடிக் கண்ணாடியின் மூலையில் முருகேஷ் பிரஷ்ஷை உதறியபோது தெறித்த நுரை ஒரு சுண்டைக்காய் அளவு, வருடக்கணக்காகக் காயாமல் ஈரமாகவே இருந்தது. துடைத்தால் துணியில் வராது. அந்தப் பழைய திருகு ரேசரை குப்புராஜ் பிரிட்ஜுக்குப் பின்னால் துணியில் சுற்றிப் போட்டிருந்தார். உலகத்தில் உள்ள எல்லா ரேசரையும் தொட்டவர் அதை மட்டும் தொடவில்லை.

பெரியம்மாள் அவருக்கு வலது பக்கமாக நின்றே சோறு போட்டாள். பயம் இல்லை, ஒரு வேற்று ஆண் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு கூச்சம். கடையில் மாவாட்டுவதும் கணக்காகப் பேசுவதும் அவள்தான், வாய் அதிகம் இல்லை. நாலாவது வருடத்தில் ஒருநாள் அவர் கன்னத்தில் படிகாரம் தேய்த்துக்கொண்டு கத்தும்போது அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்டாள்.

"அந்தத் தம்பிகிட்ட நீங்க கடைசியா என்ன சொன்னீங்க?"

"செவ்வாக்கெழம வேண்டாம்னு சொன்னேன்."

"அது ரேசரு குடுக்கறப்ப. நான் கேக்கறது கடைசியா."

குப்புராஜ் குனிந்து முகம் கழுவினார். சொல்ல வேண்டியதைச் சொல்லியிருந்தால் அவளுக்கு இது தெரிந்திருக்கும்: ஆரன் சத்தத்தில் பதறி அவர்தான் குழாயடிக்கு ஓடினார். வண்டியைப் பத்தடி முன்னால் தள்ளி நிறுத்து, பஸ் உள்ளே வரட்டும் என்றார். முருகேஷ் நுரையோடு ஏறி வண்டியை ஸ்டார்ட் செய்தான். அது பழைய வண்டி, பிரேக்குக்குக் காற்று ஏற நேரம் பிடிக்கும், அதுவரை நகர்த்தக்கூடாது. "ஏர் ஏறட்டுங்ணா, ரெண்டே நிமிசம்" என்று ஜன்னலில் தலையை நீட்டிச் சொன்னான். "பத்தடிக்கு என்னாத்துக்குடா ஏரு" என்று குப்புராஜ் சொன்னார். சொல்லிவிட்டுக் குனிந்து, சக்கரத்தின் கீழிருந்த கட்டையைத் தன் கையாலேயே உருவினார். வண்டி பத்தடியில் நிற்கவில்லை. யாத்திரைக்காரர்கள் யாரும் கட்டையைப் பார்க்கவில்லை, எல்லாரும் வண்டியைத்தான் பார்த்தார்கள்.

2024 தை நாலாம் தேதி வியாழக்கிழமை காலை, சட்னி தாளித்துக்கொண்டிருந்தபோது தாடி மேற்கிலிருந்து நகர்ந்தது. எட்டு வருடத்தில் முதல் தடவை. கடிகார முள்போல மெல்லச் சுழன்று வடமேற்கே போய், வடக்கே திரும்பி, ஒன்பதரை மணிவாக்கில் தருமபுரிச் சாலையை நேராகப் பார்த்து நின்றது. குப்புராஜ் கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தார். ஏற்காட்டுக்குச் சுற்றுலா போகும் ஒரு பள்ளிக்கூட பஸ் வந்து ஒதுங்கியது. கட்டிக்கொண்டு வந்த புளிசோற்றைத் தின்றுவிட்டுப் பிள்ளைகள் கைகழுவக் குழாயடிக்கு ஓடினார்கள். தாடி அவர்கள் பின்னாலேயே திரும்பியது. கன்னம் இழுத்த இழுப்பில் அவரும் போனார்.

ஒல்லியாக, காதுக்குக் கீழே சுழியோடு ஒரு பெண்பிள்ளை கண்ணாடி முன் தனியாக நின்றது. மூலையிலிருந்த நுரையை விரலால் தொட்டது. யார் துடைத்தும் வராத நுரை அதன் விரலோடு வந்தது. ஊதிப் பறக்கவிட்டுவிட்டு, கண்ணாடிக்குள் தெரிந்த குப்புராஜைப் பார்த்து, உங்களுக்கு ஏன் பாதித் தாடி என்று கேட்டது. அவர் ஊரையும் பேரையும் கேட்டார். ஏரியூர், பானுமதி, மூன்றாம் வகுப்பு.

"நாளைக்கி எனக்குப் பொறந்தநாளு. ஆனா எங்கூட்டுல கொண்டாட மாட்டாங்க, அன்னிக்கித்தான் அப்பாவுக்குத் தெவசம்" என்றது. பிறகு, பள்ளியில் வாய்ப்பாடு சொல்கிற அதே குரலில் சொன்னது: "நான் பொறந்ததும் எங்கப்பாவ முழுங்கிட்டேன். ஆயா சொல்லுச்சு. செவ்வாக்கெழம பொறந்தேன், அதான்."

டீச்சர் கூப்பிட்டதும் ஓடிப்போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டது. பஸ் கணவாயில் இறங்கித் தெற்கே மறையும்வரை தாடி அதன் பின்னால் சாய்ந்திருந்தது. குப்புராஜ் குழாயடி சிமெண்டில் உட்கார்ந்து அழுதார். இத்தனை நாளும் தான் ஒரு கிழமையின் மேல்தான் பழி போட்டிருப்பதாக அவர் நம்பியிருந்தார். அந்தக் கிழமையில் பிறந்த ஒரு பிள்ளை அதைச் சுமந்துகொண்டிருக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை. பெரியம்மாள் வந்து, எட்டு வருடத்தில் முதல் தடவையாக இடது பக்கம் உட்கார்ந்தாள். அவளிடம்தான் முதலில் சொன்னார். கட்டை வரைக்கும் சொன்னார். அவள் எழுந்து போய் பிரிட்ஜை நகர்த்தி, ரேசரை எடுத்துக் கழுவி, சோப்பு பிரஷ் படிகாரத்தோடு ஒரு துணிப்பையில் போட்டு அவர் பக்கத்தில் வைத்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தருமபுரிக்கு ஒரு பஸ், பென்னாகரத்துக்கு ஒன்று, ஏரியூருக்கு ஒன்று. தருமபுரியில் மேற்கே திரும்பியதும் தாடி முன்னால் நீட்டிக்கொண்டு போனது. ஏரியூரில் இறங்கி வழி கேட்க வேண்டியிருக்கவில்லை, கன்னம் திருப்பிய தெருவில் திரும்பினார். தகரக்கூரை போட்ட முற்றத்தில் முருகேஷின் படத்துக்கு மாலை போட்டு, இலை போட்டு, உறவு சனம் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். முருகேஷின் தாய் கண்ணம்மாள்தான் முதலில் அந்தக் கன்னத்தைப் பார்த்தாள். கையிலிருந்த விளக்கைக் கீழே வைத்தாள். உள்ளேயிருந்து வந்த நிர்மலாதேவி, கணவனின் தாடியை ஒரு அந்நியன் முகத்தில் பார்த்தபடி அப்படியே நின்றாள். பானுமதி, நேற்றுப் பார்த்த பாதித் தாடி மாமா என்று அம்மாவிடம் விவரம் சொன்னது.

"அம்மா, செவ்வாக்கெழம இல்லீங்க" என்றார் குப்புராஜ். "இந்தப் புள்ளயும் இல்லீங்க. நான்தானுங்க." உட்காரச் சொல்லியும் உட்காராமல், பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ஆரன் அடித்ததிலிருந்து கட்டையை உருவியது வரை ஒன்று விடாமல் சொன்னார். ஏர் ஏறட்டும் என்று முருகேஷ் கேட்டதைச் சொன்னார். நிறுத்தி, மறுபடியும் அதையே சொன்னார், எல்லாருக்கும் கேட்டிருக்க வேண்டும் என்று.

கூட்டத்தில் ஒருவர் அடிக்க எழுந்தார். கண்ணம்மாள் கையைக் காட்டி உட்கார வைத்தாள். "பாவி, ஒரு வார்த்த அன்னிக்கே சொல்லியிருந்தா என்னடா? பச்சக் கொழந்தயப் போயி என் வாயால என்னென்ன பேசிட்டேன்" என்றாள். பேத்தியைப் பார்த்தாள், பார்க்க முடியாமல் முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டாள். அந்தப் பிள்ளையை அவள் அதுவரை மடியில் வைத்ததில்லை. பிறகு எழுந்து அடுப்படிக்குப் போய், ஒரு சொம்பு வெந்நீர் கொண்டுவந்து, மருமகள் காலடியில் வைத்தாள்.

நிர்மலாதேவி முன்னால் வந்தாள். பையை வாங்கித் திறந்து பார்த்தாள். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள், அவர் பழக்கத்தில் மேற்கே பார்க்க உட்காரப் போனார். அதற்குத் தேவை இருக்கவில்லை. தாடி, பானுமதி நிற்கும் பக்கம் பார்த்துப் படிந்திருந்தது. வெள்ளிக்கிழமை சவரமா என்று யாரோ முனகினார்கள், மற்றவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். அவள் வாழ்க்கையில் ரேசர் பிடித்தவள் இல்லை, வீடியோ பார்த்தவளும் இல்லை. கிண்ணத்தில் நுரை கடைந்தாள், மாவு கரைக்கிற கை, தயிராக வந்தது. கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடித்தாள். பழைய திருகு ரேசர் அதன் கனத்துக்கு அதுவே போனது. குப்புராஜ் எட்டு வருடம் ரத்தம் சிந்திக் கற்றும் வராத சவரம் அது. ஒரு கீறல் இல்லை. சுழியருகே மட்டும் இரண்டு தடவை சுற்றி எடுத்தாள், பழகிய இடம் மாதிரி. முடி செய்தித்தாளில் விழுந்துகொண்டே இருந்தது, இரண்டு கை அள்ளும் அளவுக்கு.

துடைத்ததும் அந்தப் பாதி முகம் குப்புராஜுடையதாக இல்லை. இருபத்தொன்பது வயது ஆண்பிள்ளையின் கன்னம், கீழே ஒரு சுழி, அந்தப் பக்கக் கண்ணில் தூக்கமில்லாத டிரைவரின் சிவப்பு. ஒரு டீ குடிக்கிற நேரம் அது இருந்தது. நிர்மலாதேவி மகளை முன்னால் தள்ளினாள். பிள்ளை பயப்படாமல் வந்து கன்னத்தில் கை வைத்துத் தடவிப் பார்த்தது. "குத்தவே இல்ல" என்றது. அந்தக் கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்தது, மற்றக் கண் காய்ந்திருந்தது. பிறகு கன்னம் மெல்லத் தளர்ந்து, சுருங்கி, ஐம்பத்துநாலு வயது ஓட்டல்காரருடையதாக ஆனது. குப்புராஜ் கைகூப்பினார்.

"உங்கள மன்னிச்சேன்னு நான் சொல்லலீங்க" என்றாள் நிர்மலாதேவி, ரேசரைக் கழுவிக்கொண்டே. "அவரு மூஞ்சியப் புள்ள பாக்கணும்னு சவரம் பண்ணிவுட்டேன். அவ்ளோதான்." குப்புராஜ் அதற்கும் கும்பிட்டார். இலையில் உட்காரச் சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. கண்ணம்மாள் பேத்தியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு அதன் தலையைக் கோதிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் தெருவில் இறங்கினார்.

இப்போது ஏரியூரில் அந்தச் சாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பிள்ளையைச் சொல்வதில்லை, கிழமையைச் சொல்வதில்லை, ஓட்டல்காரனின் அவசரம் என்கிறார்கள். பொதுவாகப் பேரையும் சேர்த்தே சொல்கிறார்கள். குப்புராஜ் ஓட்டலில் எத்தனை பஸ் ஆரன் அடித்தாலும், எந்த லாரியையும் நகர்த்தச் சொல்வதில்லை. காற்று ஏறட்டும் என்று அவரே வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார், இட்லி ஆறிப் போனாலும் சரி. கண்ணாடி மூலையில் நுரை இருந்த இடம் காய்ந்துவிட்டது. அவருடைய இடது கன்னத்தில் வருடம் முழுவதும் ஒன்றும் முளைப்பதில்லை. சலூன்காரர் வலது பக்கத்தை மட்டும் வழித்துவிட்டுத் துண்டை உதறுவார், அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

தை ஐந்தாம் தேதி காலையில் மட்டும் தாடி வந்துவிடும், நாலு மாதத்துத் தாடி, மேற்கே சாய்ந்து. குப்புராஜ் துணிப்பையை எடுத்துக்கொண்டு முதல் பஸ் ஏறுவார். கண்ணம்மாள் வெந்நீர் வைத்திருப்பாள், நிர்மலாதேவி சவரம் செய்வாள், பானுமதி கண்ணாடி பிடிப்பாள், பிறந்தநாள் கேசரியில் அவருக்கும் ஒரு தட்டு வைப்பார்கள். மதியக் கூட்டத்துக்குள் அவர் தொப்பூர் திரும்பிவிடுவார். இந்தத் தையில் நிர்மலாதேவி பாதிச் சவரத்தில் கையை நிறுத்தினாள். சுழியிலிருந்து ஒரு முடியை மட்டும் தனியாக எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். வெள்ளையாக இருந்தது.

"பாரு பானு" என்றாள் மகளிடம். "உங்கப்பாவுக்கு நரைக்க ஆரம்பிச்சிருச்சு."